லோகோவை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? பிராண்ட் சாயலில் வீட்டுப் பொருள் வடிவமைப்பது பற்றி

ஜூன் 4 – வாசகர் கேள்வி

டிசைன் படிக்கிறேன். பேர்பெற்ற ஒரு பிராண்டை எடுத்துக்கொண்டு, அந்தக் கம்பெனி இதுவரை செய்யாத வீட்டுப் பொருள் ஒன்றை அதன் சாயலில் வடிவமைக்க வேண்டும் என்று பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். நான் எடுத்தது லைக்கா கேமரா. பொருள், இஸ்திரிப் பெட்டி. கறுப்புத் தோல், வெள்ளி நிற மேல்தகடு, முன்னால் சிவப்பு வட்டம் எல்லாம் வைத்தேன். பார்த்தவர்கள் "லைக்கா ஸ்டிக்கர் ஒட்டிய இஸ்திரிப் பெட்டி" என்கிறார்கள். எனக்கு ஒரு சந்தேகம். லோகோவும் நிறமும் இல்லாவிட்டால் ஒரு பொருள் இன்ன பிராண்ட் என்று யாருக்காவது தெரியுமா? அடையாளம் என்பதே லோகோதானே?

ஜூன் 4, இரவு

தெரியும். நீங்கள் எடுத்த பிராண்டிலேயே அதற்குச் சான்று இருக்கிறது. 1954-இல் வந்த லைக்கா எம்3-இன் முகப்பில் சிவப்பு வட்டம் கிடையாது. ஆனாலும் கேமரா பழக்கமுள்ள ஒருவரிடம் அதன் நிழலுருவத்தை மட்டும் காட்டினால் பெயரைச் சொல்லிவிடுவார். வட்டம் பிற்பாடு வந்து சேர்ந்தது.

அந்த உருவம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஆஸ்கர் பர்னாக் செய்த முதல் மாதிரியும் சரி, 1925-இல் விற்பனைக்கு வந்த லைக்காவும் சரி, இரு முனைகளும் உருண்டிருக்கும். ஒரு பக்கம் ஃபிலிம் சுருள், மறுபக்கம் அதை இழுத்துச் சுற்றிக்கொள்ளும் உருளை. உள்ளே இரண்டு உருளைகள் நிற்பதால் வெளித்தகடு அவற்றை ஒட்டி வளைகிறது. உங்கள் இஸ்திரிப் பெட்டியின் பின்முனையையும் அதேபோல் உருட்டியிருக்கிறீர்கள். அதற்குள் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லையென்றால், அது கடன் வாங்கிய வளைவு என்பது பார்க்கிறவர் கண்ணில் பட்டுவிடும். அவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் உறுத்தும்.

ஒன்று செய்யுங்கள். லோகோவையும் நிறத்தையும் எடுத்துவிட்டு, முழுக்கச் சாம்பல் நிறத்தில் ஒரு படம் தயாரியுங்கள். லைக்காவை நன்றாகத் தெரிந்தவரிடம் "இது எந்தக் கம்பெனி செய்ததுபோல் இருக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். அவர் லைக்கா என்று சொல்ல வேண்டும் என்பதில்லை. "ஏதோ கேமரா, லென்ஸ் செய்கிறவர்கள்" என்று சொன்னாலே பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

ஜூன் 5, காலை

இந்தப் பயிற்சியைக் கல்லூரிகள் கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டாம். நூறு ஆண்டுக்கு மேல் பழைய வேலை இது. ஜெர்மனியின் ஏஇஜி மின்சாரக் கம்பெனி 1907-இல் பீட்டர் பெஹ்ரென்ஸைக் கலை ஆலோசகராக அமர்த்தியது. லோகோ, விளம்பரம், தொழிற்சாலைக் கட்டடம், விளக்கு, மின்விசிறி என்று எல்லாமே அவர் கைவழியே போயின. 1909-இல் அவர் செய்த மின்சாரக் கெட்டில்களைத் தேடிப் பாருங்கள். எண்கோணம், நீள்வட்டம், உருண்டை என மூன்று அடிப்படை உருவங்கள். பித்தளை, செம்பு, நிக்கல் பூச்சு. சிலவற்றில் சுத்தியல் தட்டிய மேற்பரப்பு, சிலவற்றில் வழவழப்பு. பிரம்பு சுற்றிய கைப்பிடி. பாகங்களை மாற்றி மாற்றிக் கோத்தால் ஒரு பெரிய குடும்பமே வந்துவிடும்.

அந்தக் குடும்பத்தில் எந்தக் கெட்டிலை எடுத்தாலும் மற்றதற்குச் சொந்தம் என்று தெரிகிறது. கெட்டிலில் லோகோ எங்கே இருக்கிறது என்று நான் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. மூடியும் உடலும் சேரும் இடத்தை அவர் எப்படிக் கையாள்கிறார், கைப்பிடி எங்கே உடலில் வந்து உட்காருகிறது, விளிம்பில் எவ்வளவு இடம் விடுகிறார் – சாயல் இந்த மாதிரி இடங்களில் இருக்கிறது.

ஜூன் 5, மாலை

"இணைப்பைப் பார், விளிம்பைப் பார் என்றால் எதிலிருந்து தொடங்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் செய்கிற முறையைச் சொல்கிறேன்.

பிராண்டின் பொருள்களை ஒரே கோணத்தில், ஒரே அளவில் அச்சடித்து மேசைமேல் பரப்புங்கள். புகழ்பெற்ற இரண்டு மூன்றை மட்டும் எடுத்துவிடாதீர்கள்; யாரும் பேசாத சாதாரண மாடல்களும் வேண்டும். ஆண்டர்ஸ் வாரெல் என்ற ஸ்வீடன் ஆய்வாளர் இதற்கு ஓர் அட்டவணை முறை வகுத்திருக்கிறார். ஒரு பக்கம் பொருள்கள், மறுபக்கம் உருவக் கூறுகள். ஒரு கூறு ஒரு பொருளில் அழுத்தமாக இருக்கிறதா, லேசாக இருக்கிறதா, இல்லவே இல்லையா என்று குறித்துக்கொண்டே போனால், எது உண்மையிலேயே எல்லாவற்றிலும் ஓடுகிறது என்று தெரியும். நம் மனசு சொல்வதும் அட்டவணை சொல்வதும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. சிவப்பு வட்டம் பட்டியலில் கீழே போகும்; பல்வெட்டு (விரல் வழுக்காமலிருக்க விளிம்பில் வெட்டும் பொடிப் பற்கள்) போட்ட டயல் மேலே வரும்.

அப்புறம் இன்னொரு தாள் எடுத்து, இந்தக் கம்பெனி எதைச் செய்யவே மாட்டார்கள் என்று எழுதுங்கள். என் அனுபவத்தில் இந்தத் தாள்தான் அதிகம் கைகொடுக்கிறது. ஜெர்மனியின் வீட்டு மின்சாதனக் கம்பெனியான பிரவுனை எடுத்துக்கொண்டால், பளபளவென்று ஒரு நிறத்தை அலங்காரத்துக்காக மட்டும் தடவ மாட்டார்கள். டீட்டர் ராம்ஸும் டீட்ரிச் லூப்ஸும் செய்த ஈடி66 கால்குலேட்டரில் (1987) மஞ்சள் எங்கே இருக்கிறது? சமன் குறி பொத்தானில். கணக்கு முடியும் இடம் அது, விரல் அங்கேதான் போக வேண்டும். பிரவுன் சாயலில் டோஸ்டர் செய்கிறேன் என்று பக்கவாட்டில் மஞ்சள் கோடு இழுக்கிறவர் பிரவுனின் நிறத்தை எடுத்துக்கொண்டு அது நிறத்தை வைத்திருக்கும் காரணத்தை விட்டுவிடுகிறார்.

ஜூன் 6

கீழே ஒருவர் பிரவுனின் எஸ்கே4 ரெக்கார்டு பிளேயரை ராம்ஸ் தனியாகச் செய்தார் என்று எழுதியிருக்கிறார். 1956-இல் வந்த அந்தப் பொருளில் ஹான்ஸ் குகெலோட்டுக்கும் பங்கு உண்டு.

அதன் மூடி கதை நம் பேச்சுக்கு நேராகப் பொருந்துகிறது. முதலில் உலோக மூடிதான் யோசித்தார்கள். சத்தம் கூடினால் தகடு அதிர்ந்து இரைந்தது. அதனால் ஒளி ஊடுருவும் பிளெக்ஸிகிளாஸ் (கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக்) மூடி போட்டார்கள். பார்த்தவர்கள் "ஸ்னோ ஒயிட்டின் சவப்பெட்டி" என்று பேர் வைத்தார்கள். பிற்பாடு எத்தனையோ கம்பெனிகளின் பிளேயர்களில் அந்தக் கண்ணாடி மூடி வந்துவிட்டது. அதிர்வு பிரச்சினைக்கு வந்த பதில் ஒரு பிராண்டின் முகமாகி, பிறகு ஒரு பொருள்வகையின் முகமாகவே ஆகிவிட்டது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உற்சாகமாக இருக்கிறது. தொழில்நுட்பத் தலைவலியைப் பார்த்து ஓடாதீர்கள் என்று இளையவர்களிடம் நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

ஜூன் 7

என் சொந்த அனுபவம் ஒன்றை விரிவாகவே எழுதுகிறேன். கேள்வி கேட்டவருக்கு உதவும்.

ஒலிபெருக்கி செய்யும் ஒரு கம்பெனி, தங்கள் ஸ்பீக்கரின் சாயலில் ஒரு கெட்டில் வேண்டும் என்று எங்களிடம் வந்தது. பெயர் வேண்டாம். அவர்களுடைய ஸ்பீக்கர் நேரான உருளை. சுற்றிலும் பொடித்துளை போட்ட உலோகத் தகடு, மேலே ஒரே ஒரு பெரிய சுழற்று வளையம். கூட்டத்தில் எல்லோர் கண்ணும் அந்தத் துளைத் தகட்டில்தான் இருந்தது. "கெட்டிலைச் சுற்றியும் துளை போட்டால் போதும், பார்த்ததும் நாங்கள்தான் என்று தெரியும்" என்றார்கள்.

துளைத் தகட்டுக்கு ஸ்பீக்கரில் வேலை இருக்கிறது. சத்தம் வெளியே வர வேண்டும். கெட்டிலில் என்ன நடக்கும்? ஊற்றும்போது வழிகிற துளியும் அடுப்படி எண்ணெய்ப் பிசுக்கும் துளைக்குள் போய் உட்காரும். துணியால் துடைத்தால் தகட்டின் மேல்பரப்பு துடைபடும், துளை துடைபடாது. தகட்டுக்கும் உள்பாத்திரத்துக்கும் இடையில் ஈரம் தங்கும். ஃபோம் மாடலில் அழகாக இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் ஒரு மாதம் ஓடிய கெட்டிலை நினைத்துப் பார்த்தால் மனசு ஒப்பவில்லை.

அடுத்தது சுவிட்ச். ஸ்பீக்கரைப் போலவே மூடியின் நடுவில் வளையம் வேண்டும் என்றார்கள். கெட்டில் தானாக அணைவது எப்படி என்று தெரியாமல் இதைப் பேச முடியாது. தண்ணீர் கொதித்ததும் ஆவி, மேலே ஒரு துளை வழியாகப் புகுந்து, பெரும்பாலும் கைப்பிடிக்குள்ளேயே இறங்கி, இரட்டை உலோகத் தகடு ஒன்றைச் சுடுகிறது. அந்தச் சின்ன வட்டத் தகடு 'டக்' என்று மறுபுறம் குவிந்து சுவிட்சைத் தட்டிவிடுகிறது. சுவிட்ச் எங்கே இருக்கலாம் என்பது ஆவி போகும் பாதையைப் பொறுத்தது. மூடி திறந்து மூடுகிற பாகம் வேறு. சூடான ஆவி நேராக முகத்தைப் பார்க்கும் இடம். விரலை அங்கே கூப்பிடக் கூடாது.

எது மிஞ்சியது? உருளை மிஞ்சியது. அந்த ஸ்பீக்கருக்கு முன், பின் என்று பக்கம் கிடையாது. அறையின் நடுவில் எப்படி வைத்தாலும் சரி. கெட்டிலின் அடித்தட்டு இணைப்பும் எந்தத் திசையில் வைத்தாலும் பொருந்துகிற வகை. இது இரண்டு பொருளுக்கும் இயல்பாகவே பொதுவான குணம், அதனால் அடித்தட்டை ஸ்பீக்கரின் வளையம்போலவே மெல்லிய, சீரான ஒரு வட்டமாக்கினோம். துளை வரிசை எங்கே போனது தெரியுமா? ஊற்றுவாயின் உள்ளே இருக்கும் வடிகட்டிக்கு. அங்கே துளைக்கு உண்மையான வேலை இருந்தது. ஸ்பீக்கரில் இருந்த அதே இடைவெளி விகிதம், வரிசைக்கு வரிசை அரை இடைவெளி தள்ளி நிற்கும் அதே அடுக்கு. மூடியைத் திறந்து தண்ணீர் பிடிக்கிறவர் மட்டுமே பார்ப்பார். "இவ்வளவு சின்னதாக ஒளித்து வைத்தால் எப்படி?" என்று கம்பெனியில் முதலில் கேட்டார்கள். முதல் உலோக மாதிரி வந்து, ஒருவர் மூடியைத் திறந்து, "அட, நம்ம துளை!" என்றபோது விவாதம் முடிந்தது.

ஜூன் 7, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். வெளியே தெரியும் அடையாளம் எல்லாமே தப்பு என்று சொல்வதுபோல் தொனிக்கிறது. அப்படிச் சொல்ல வரவில்லை. டோனி-மாட்டி கார்யலைனன் என்ற ஃபின்லாந்து ஆய்வாளர் வால்வோ கார்களையும் நோக்கியா போன்களையும் வைத்து இதை ஆராய்ந்தவர். பார்த்ததும் பிடிபடும் வெளிப்படைக் குறிகள், பழகப் பழகப் புலப்படும் மறைமுகக் குறிகள் என்று அவர் பிரிக்கிறார். வால்வோவின் அகன்ற தோள் கோடு (ஜன்னலுக்குக் கீழே ஓடும் விளிம்பு) முதல் வகை. ஒரு பொருளுக்கு இரண்டும் தேவைப்படலாம். எந்த இடத்தில் எது என்பதில்தான் வேலை.

ஜூன் 8

நிறம் பற்றி மூன்று பேர் கேட்டிருப்பதால் தனியாக எழுதுகிறேன்.

நிறமே பிராண்டாக இருக்கும் கம்பெனிகள் உண்டு. டிஃப்பனி நகைக்கடையின் நீலம் 1998-இல் வணிகக்குறியாக (டிரேட்மார்க்) பதிவானது. நிறங்களுக்கு எண் கொடுக்கும் பான்டோன் கம்பெனி அதற்குத் தந்த பெயர் '1837 நீலம்'. 1837 அந்தக் கடை தொடங்கிய ஆண்டு. அந்த நிறத்தில் ஒரு பெட்டியைக் காட்டினால் போதும், உருவம் எப்படி இருந்தாலும் பெயர் வந்துவிடும். இப்படிப்பட்ட பிராண்டிடம் என் சாம்பல் நிறச் சோதனை வேலை செய்யாது. அங்கே நிறத்தை எடுத்தால் வீட்டையே எடுத்ததுபோல் ஆகிவிடும்.

பான்டோன் கோப்பைகளையும் இந்த வரிசையில் வைக்கலாம். 1963-இல் லாரன்ஸ் ஹெர்பர்ட் கொண்டுவந்த நிற அட்டை முறை அவர்களுடையது: மேலே நிறம், கீழே வெள்ளைப் பட்டையில் எண். கோப்பையிலும் அதையே போட்டார்கள். உருவத்தில் புதுசாக ஒன்றும் இல்லை, சாதாரணக் கோப்பைதான். ஆனாலும் அது எனக்குப் பிடிக்கும். நிறத்துக்கு எண் கொடுத்து அடையாளம் காட்டுவதுதான் அந்தக் கம்பெனியின் தொழிலே. அலமாரியில் பத்துக் கோப்பைகள் நின்றால், ஆளுக்கு ஒரு நிறம், என் கோப்பை எது என்று தெரிகிறது. அட்டை செய்த அதே வேலையைக் கோப்பையும் செய்கிறது.

இனி நடைமுறை. திரையில் பார்த்த சிவப்பை நம்பாதீர்கள். ஒரே எண்ணைக் கொடுத்தாலும் பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்கில் ஒரு சிவப்பு வரும், ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் வேறு சிவப்பு, பவுடர் கோட்டிங் போட்ட தகட்டில் மூன்றாவது சிவப்பு. பளபளப்பு கூடினால் ஆழமாகத் தெரியும்; மேட் ஆக்கினால் வெளுத்ததுபோல் இருக்கும். ஒரு விளக்கின் கீழ் ஒத்துப்போகிற இரண்டு சாம்பிள் இன்னொரு விளக்கின் கீழ் பிரிந்து நிற்கும். அதனால் பகல் வெளிச்சத்தில் ஒரு தரம், வீட்டு மஞ்சள் பல்பின் கீழ் ஒரு தரம் என்று பார்க்காமல் நிறத்தை ஒப்புக்கொள்ளாதீர்கள். சூடு படும் பொருளென்றால் இன்னொன்றும் உண்டு. வெள்ளை பிளாஸ்டிக் காலப்போக்கில் பழுக்கும். வெண்மையே பிராண்ட் என்று சொல்லிக்கொண்டு அதைச் சூட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் அடையாளம் முதலில் அங்கேதான் போகும்.

சிவப்பு என்றதும் ஒலிவெட்டி வாலன்டைன் நினைவுக்கு வருகிறது. 1969, வடிவமைத்தவர்கள் எட்டோரே சோட்ஸாஸும் பெர்ரி கிங்கும். அலுவலகச் சாமானாக இருந்த டைப்ரைட்டரை ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் சிவப்பாக்கி, கையில் தூக்கிப் போகிற வீட்டுப் பொருளாக்கினார்கள். எந்திரத்தின் பின்தகடே உறையின் மூடி, அதிலேயே கைப்பிடி. நிறத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அந்தப் பின்தகடுதான் பிடித்த இடம்.

ஜூன் 10

"மார்ஷல் ஃப்ரிட்ஜ் என்ன சொல்கிறீர்கள்? அது வெறும் வேஷம்தானே?" என்று ஒருவர். நல்ல கேள்வி. இரண்டு நாளாக மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

மார்ஷல் கிட்டார் ஆம்ப்ளிஃபையர் என்றால் கறுப்பு ரெக்சின், துணிமுகப்பு, தங்க நிறப் பட்டை, வெள்ளைக் கையெழுத்து லோகோ. 2012-இல் வந்த சின்ன ஃப்ரிட்ஜ் இது அத்தனையையும் அப்படியே உடுத்திக்கொண்டது. நான் மேலே சொன்ன அளவுகோலில் அது தேறக் கூடாது. துணிமுகப்புக்கு ஃப்ரிட்ஜில் என்ன வேலை?

ஆனாலும் உறுத்தவில்லை. ஏனென்று யோசித்தால், ஆம்ப்ளிஃபையரும் ஒரு பெட்டி, ஃப்ரிட்ஜும் ஒரு பெட்டி. இரண்டும் தரையில் நிற்கின்றன, நேராக முன்பக்கத்தைக் காட்டுகின்றன, அளவும் கிட்டத்தட்ட ஒன்று. கை அதிகம் படாத பொருள். கதவைத் திறக்க மட்டும்தான் தொடுகிறோம். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 2020-இல் வந்தபோது அது ஃப்ரிட்ஜ் மாதிரி இருக்கிறது என்று உலகமே கேலி பேசியது. அடுத்த ஆண்டே மைக்ரோசாஃப்ட் அதே உருவில் சின்ன ஃப்ரிட்ஜை விற்றது. அங்கேயும் பெட்டியிலிருந்து பெட்டிக்கு.

2013-இல் ஃப்ரிட்ஜ் செய்யும் ஸ்மெக்கும் கார் கம்பெனி ஃபியட்டும் சேர்ந்து ஃபியட் 500 காரின் முன்பக்கத்தையே குளிர்பெட்டியாக்கினார்கள். கார் பானெட்டைத் தூக்குவதுபோல் மூடியைத் தூக்கினால் உள்ளே பாட்டில்கள். தூக்கும் அந்தச் செயல் அப்படியே ஒத்துப்போகிறது. அந்தக் காரை நேசிக்கிற ஒருவர் வீட்டில் அது இருக்கத் தகுந்த பொருள்தான்.

ஆக என் அளவுகோலைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். சும்மா நிற்கிற பொருளுக்கு உடை மாற்றலாம். கையில் பிடித்து, சாய்த்து, அழுத்தி, சூட்டோடு புழங்குகிற பொருளுக்கு உடை மட்டும் போதாது. கெட்டில், இஸ்திரிப் பெட்டி, கத்தி, மிக்ஸி எல்லாம் இரண்டாம் வகை.

ஜூன் 11

இரண்டு பிராண்ட் சேர்வது பற்றிக் கேட்டவருக்கு: ஐக்கியாவும் லெகோவும் சேர்ந்து 2020-இல் கொண்டுவந்த பிக்லெக் பெட்டிகளைப் பாருங்கள். வெள்ளைப் பெட்டி, மூடிமேல் லெகோ குமிழ்கள். குமிழ் அங்கே அலங்காரமாக இல்லை, வீட்டில் இருக்கும் லெகோ கட்டைகள் அதில் பொருந்துகின்றன. கட்டியதைக் கலைக்காமலே பெட்டிமேல் விட்டுவைக்கலாம். குமிழுக்குக் குமிழ் 8 மி.மீ. என்ற லெகோவின் பழைய அளவைப் பெட்டி மதிக்கிறது. பெட்டியின் மற்ற பகுதி முழுக்க ஐக்கியாவின் வெறுமை. யார் எதைக் கொண்டுவந்தார்கள் என்று கோடு போட்டுக் காட்டலாம். 1994-இல் பிலிப்ஸும் இத்தாலிய வீட்டுப் பொருள் கம்பெனி அலெஸ்ஸியும் சேர்ந்து செய்த டோஸ்டர், கெட்டில் வரிசை இன்னொரு விதம். உருண்டு திரண்ட அந்த உருவங்களில் அலெஸ்ஸிதான் ஓங்கித் தெரிகிறது. படம் கிடைத்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஜூன் 13

சட்டம். பயிற்சிக்குச் செய்கிறவர்களுக்கு இது தொந்தரவு தராது. விற்க நினைக்கிறவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். நான் வக்கீல் இல்லை, தொழிலில் பழகியதைச் சொல்கிறேன்.

பொருளின் தோற்றத்துக்கு இரண்டு விதப் பாதுகாப்பு உண்டு. ஒன்று காலக்கெடு உள்ளது: அமெரிக்காவில் வடிவக் காப்புரிமை 15 ஆண்டு, ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவு செய்த வடிவத்துக்குப் புதுப்பித்துப் புதுப்பித்து அதிகபட்சம் 25 ஆண்டு. மற்றது வணிகக்குறி, புதுப்பித்துக்கொண்டே போகலாம், முடிவே கிடையாது. கோகோ-கோலா பாட்டில் இரண்டையும் பெற்றது. இருட்டில் தடவினாலும், உடைந்து கிடந்தாலும் இன்னதென்று தெரிய வேண்டும் என்று கேட்டு 1915-இல் செய்ய வைத்த வடிவம் அது. 1960-இல் அமெரிக்காவில் வணிகக்குறியாகப் பதிவானது. எக்மான்ட் ஆரென்ஸ் வடிவமைத்து 1937-இல் வந்த கிச்சன்எய்ட் மிக்ஸரின் நிழலுருவமும் பதிவு பெற்ற குறி. "பழசுதானே, காலாவதி ஆகியிருக்கும்" என்று எடுத்துப் பயன்படுத்தப் போகிறவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஒரு உருவம் தொழில்நுட்பக் காரணத்தால் அப்படி இருந்தால் அதை வணிகக்குறியாக்க முடியாது. லெகோ கட்டையின் உருவத்தை 2010-இல் ஐரோப்பிய நீதிமன்றம் அந்தக் காரணத்தால்தான் ஏற்கவில்லை. நிறத்துக்கும் வழக்கு இருக்கிறது, அதுவும் இஸ்திரி போடுகிற தொழிலிலிருந்து: குவாலிடெக்ஸ் என்ற கம்பெனி சலவைக்கடை அழுத்து எந்திரங்களுக்கான மெத்தைகளைப் பச்சை கலந்த பொன் நிறத்தில் விற்றது. அந்த நிறம் மட்டுமே வணிகக்குறியாக இருக்க முடியும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1995-இல் சொன்னது.

சாயல் எடுப்பதற்கும் சரக்கைக் குழப்புவதற்கும் நடுவில் கோடு எங்கே? வாங்குகிறவர் "இது அவர்கள் செய்தது" என்று நம்பிக் காசு கொடுத்தால் நீங்கள் தாண்டிவிட்டீர்கள். நேர்மையாக இருக்க நினைக்கிறவருக்கு இது போதும். தொகுப்பில் காட்டும்போது "கற்பனை வடிவமைப்பு, அந்தக் கம்பெனியுடன் தொடர்பில்லை" என்று முதல் பக்கத்திலேயே எழுதுங்கள், கடைசிப் பக்கத்தின் மூலையில் வேண்டாம்.

ஜூன் 14

முஜியை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டவருக்கு: எடுக்கலாம், ஆனால் கடினம். 1980-இல் பிராண்டே வேண்டாம் என்று சொல்லித் தொடங்கிய ஜப்பான் பிராண்ட் அது. வெள்ளை நிறமும் வளைந்த மூலையும் போட்டுவிட்டு முஜி என்று எழுதிவிடுகிறார்கள். வருடா வருடம் பார்க்கிறேன். நாவோட்டோ ஃபுகாசாவா செய்த சுவரில் மாட்டும் சிடி பிளேயரில் பொத்தானுக்குப் பதில் ஒரு கயிறு தொங்கும். இழுத்தால் பாட்டு, திரும்ப இழுத்தால் நிற்கும். சுவர் மின்விசிறியின் கயிறு கைக்கு ஏற்கெனவே தெரியும், விளக்கக் குறிப்பு தேவையில்லை. அந்தக் கயிற்றுக்குச் சமமான ஒன்றை உங்கள் பொருளில் கண்டுபிடித்த பிறகு வெள்ளையைப் பற்றி யோசிக்கலாம்.

ஜூன் 16

கேள்வி கேட்டவர் புது ஸ்கெட்ச்களை அனுப்பியிருக்கிறார். இஸ்திரிப் பெட்டிக்கே வருகிறேன்.

பின்முனை உருட்டல் போய்விட்டது, நல்லது. வெப்பநிலை டயல் பெரிதாகி மேலே வந்திருக்கிறது. இதுதான் சரியான இடம். லைக்காவின் ஷட்டர் வேக டயலைக் கையில் பிடித்திருக்கிறீர்களா? விளிம்பில் பொடிப் பல்வெட்டு, ஒவ்வொரு வேகத்துக்கும் ஒரு சின்னத் தடை. கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எடுக்காமலே விரலால் எண்ணிக்கொள்ளலாம். சாதாரண இஸ்திரிப் பெட்டியின் டயல் வழுக்கிக்கொண்டு போகும், எங்கே நிற்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட் தொடர்ச்சியாகத் திரும்புவதுதான், ஆனால் டயலில் தடை வைப்பதற்கு ஒரு ஸ்பிரிங்கும் குண்டும் போதும். குறைந்த சூடு, நடுத்தரம், அதிகம் என்ற மூன்று புள்ளிகளிலும் விரலுக்கு ஒரு 'கிளிக்'. கண் துணிமேலேயே இருக்கும். லைக்காவிடமிருந்து எடுக்கத் தகுந்தது இது. எண்களையும் குறிகளையும் அச்சடிக்காதீர்கள், குழிவாக வெட்டிப் பெயின்ட் நிரப்புங்கள். அவர்கள் அப்படித்தான் செய்வார்கள், வியர்வைக் கையில் அழியவும் அழியாது.

கைப்பிடியில் தோல் உறை இன்னும் இருக்கிறது. கேமராவில் அது வழுக்காமலிருக்க ஒட்டியது. இங்கேயும் வழுக்கக் கூடாது, சரி. ஆனால் கீழே சூடு, மேலே வியர்வை, பக்கத்தில் நீராவி. ஒட்டிய எதுவும் விளிம்பில் கிளம்பும். கைப்பிடி பிளாஸ்டிக்கிலேயே அந்தப் பொடி மணி டெக்ஸ்ச்சரை மோல்டில் கொண்டுவாருங்கள். டெக்ஸ்ச்சர் ஆழமாக ஆக டிராஃப்ட் கோணமும் (பாகம் அச்சிலிருந்து எளிதாகக் கழல விடும் சாய்வு) கூட வேண்டும், இல்லாவிட்டால் பாகம் அச்சிலிருந்து கழலும்போது மணிகள் சுரண்டப்படும். பார்ட்டிங் லைன் (அச்சின் இரு பாதிகள் சேரும் கோடு) உள்ளங்கை படும் இடத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். லைக்கா பிடித்துப் பழகிய கை அந்தக் கோட்டை உடனே கண்டுபிடிக்கும்.

சிவப்பு வட்டத்தைச் சூடு காட்டும் விளக்காக மாற்றியிருப்பது கெட்டிக்காரத்தனம். பார்த்ததும் எனக்குப் பிடித்தது.

ஜூன் 16, இரவு

விளக்கைப் பற்றி இன்னும் கொஞ்சம். கேமராவில் வட்டம் எதிரே இருப்பவரைப் பார்க்கிறது. இஸ்திரிப் பெட்டிக்கு எதிரே யாரும் நிற்பதில்லை. நீங்கள் அதை மூக்கின் முன்பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள்; இஸ்திரி போடுகிறவருக்குத் தெரியாது. கைப்பிடியின் முன்காலில், மேல்நோக்கி வையுங்கள். வலக்கைக்காரர், இடக்கைக்காரர் இருவருக்கும் தெரிய வேண்டும். அங்கே வைத்தால் அது லோகோவாகத் தெரியாதே என்று தயங்குவீர்கள். தெரியாமல் போகட்டும். அளவையும் குறையுங்கள், இப்போது இருக்கிற அளவில் விளக்காகத் தெரிவதைவிடக் குறியாகத்தான் தெரிகிறது, அதுவும் வணிகக்குறியாக.

ஜூன் 18

கடைசியாகக் கேட்டது: "லைக்கா கனமானது, அந்தக் கனத்தைக் கொண்டுவரலாமா?"

கேமராவை இரண்டு கையாலும் பிடித்து அசையாமல் நிறுத்துகிறோம், கனம் உதவுகிறது. இஸ்திரிப் பெட்டியை ஒரே கையால் இழுத்து, தூக்கி, நிமிர்த்தி வைக்கிறோம், ஒரு கூடை துணி முடியும்வரை. அழுத்தத்துக்குக் கொஞ்சம் எடை வேண்டும்தான், ஆனால் அது அடித்தகட்டில் இருக்க வேண்டும், மேலே இருக்கக் கூடாது. மேல்தகட்டை உலோகமாக்கினால் நிமிர்த்தி வைக்கும்போது மணிக்கட்டு சொல்லும். மேலே மெல்லிய அலுமினியம் போடலாம். அல்லது டயலை மட்டும் உலோகமாக்கி மற்றதை பிளாஸ்டிக்காக விடலாம். எனக்கு இரண்டாவதுதான் சரியென்று படுகிறது, விரல் படுகிற ஒரே இடத்தில் குளிர்ந்த உலோகம் கிடைக்கும்.

ஃபோமில் கைப்பிடியைச் செதுக்கி, அடியில் சரியான எடையைக் கட்டி, சட்டை ஒன்றை முழுசாகத் தேய்த்துப் பாருங்கள். காலர், கை மடிப்பு, பொத்தான்களுக்கு இடையில் எல்லாம். பிடி எங்கே மாறுகிறது என்று பேனாவால் ஃபோம்மேலேயே குறித்துக்கொண்டு, அந்தப் படங்களை அனுப்புங்கள். டயலின் விட்டத்தை அதற்குப் பிறகு பேசலாம்.